பனியும் எண்ணெயும் இறங்கிய வழிகள்

ஸ்பெயின் தேசத்தைச் சேர்ந்தவையாய், அதன் கிழக்கே மத்தியதரைக் கடலில் உள்ள பலேயாரிக் தீவுகளுள் பெரியதான மயோர்க்காவின் வடமேற்குக் கரை நெடுகிலும், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரத்துக்கு, சுண்ணாம்புக்கல் மலைத்தொடர் ஒன்று கடலுக்கும் சமவெளிக்கும் நடுவே நிற்கிறது. திரமுந்தானா என்பது அதன் பெயர். அதன் தலைச் சிகரமாகிய புச் மஜோர் 1,400 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. தென்மேற்கே அந்திராச் என்னும் ஊரில் தொடங்கி, கணவாய்களைத் தாண்டியும் கடலை நோக்கிய சரிவுகளை ஒட்டியும் வடகிழக்கே போயென்சா வரையில் செல்லும் மலைச்சாலை இன்று ஐரோப்பிய சைக்கிள் பிரயாணிகளுக்கு ஒரு க்ஷேத்திரமாகவே விளங்குகிறது. பிப்ரவரி முதல் மே வரையில், வடநாட்டுக் குளிரிலிருந்து தப்பி வருகிறவர்கள் கூட்டங்கூட்டமாக அதை நிறைத்துவிடுகிறார்கள். கோடையில் அது மோட்டார்களின் வசமாகிவிடுகிறது. அக்டோபர் கழிந்து, கரையோர ஹோட்டல்கள் ஒவ்வொன்றாகக் கதவடைத்த பிறகு, நவம்பரில்தான் அந்தச் சாலை மலைநாட்டு ஜனங்களின் கைக்குத் திரும்புகிறது. அந்த மாதத்தில், துணை யாருமின்றி, அவசரமும் இன்றி, ஒரு சைக்கிளில் அங்கே சஞ்சரிக்கும் பாக்கியம் எனக்குக் கிட்டிற்று. அப்போது மலையின் சௌந்தரியத்தைக் காட்டிலும் என் மனத்தை அதிகமாக ஆட்கொண்டது, அந்த வழிகள் யாருக்காக, எந்தத் தேவையினால் உண்டாயின என்னும் சரித்திரமே.

இன்று உல்லாசத்துக்கென்றே வகுத்தவைபோலத் தோன்றும் அந்த வழிகளிற் பெரும்பாலானவை, மலையிலிருந்து எண்ணெயும் பனியும் கரியும் கீழே இறங்குவதற்காக ஏற்பட்டவை. அவற்றில் நடந்தவர்கள் கோவேறு கழுதைகளும், அவற்றை ஓட்டியவர்களும், கூலிக்கு வந்த ஸ்திரீகளும். கடற்காட்சியைப் பார்ப்பதற்காகவே பாதை போடலாம் என்ற எண்ணம் அந்த மலைக்கு மிகப் பிற்காலத்தில் வந்தது. இந்த உண்மையை வசந்தகாலத்துப் பிரயாணி உணர்வது கடினம். இலையுதிர் காலத்தின் கடைசியில் வருகிறவனுக்கோ அது கண்ணெதிரே நிகழ்கிறது. ஏனெனில் அந்த மலையின் மிகப் பழைய தொழிலாகிய ஒலிவம் பறித்தல் அந்தப் பருவத்துக்கு உரியது.

தெயா என்னும் ஊரிலிருந்து சோயெர் என்னும் ஊருக்குப் போகும் வழியில், சாலைக்கு மேலும் கீழும், மலைச்சரிவு முழுவதும் படிப்படியாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு படியையும் ஒரு கற்சுவர் தாங்கி நிற்க, அந்தப் படிகளில் முறுக்கிய அடிமரங்களோடு ஒலிவ மரங்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். காட்டு ஒலிவத்தில் நல்ல ஜாதி ஒட்டுக் கட்டி வளர்த்த அம்மரங்களிற் பல நூற்றாண்டுகளைக் கடந்தவை. சிலவற்றின் நடு முற்றும் உளுத்துப்போய், வெளிப்பட்டை மாத்திரம் நின்று, அந்தப் பட்டையிலிருந்து தளிர்த்த கிளைகள் இன்றும் காய்க்கின்றன. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் தீவின் பிரதான ஏற்றுமதிப் பொருள் இந்த மரங்களின் எண்ணெயே. சாப்பாட்டுக்கும் விளக்குக்கும் சவுக்காரத்துக்கும் வேண்டிய அந்த எண்ணெயினாலேதான் மலைநாட்டுப் பெரிய பண்ணைகள் செழித்தன. இலையுதிர் காலம் வந்ததும் சமவெளிக் கிராமங்களிலிருந்து இளம்பெண்கள் மூட்டை முடிச்சுகளோடு மலையேறி, பண்ணை வீட்டில் தங்களுக்கென்று ஒதுக்கிய பெரிய கூடத்தில் மாதக்கணக்காகத் தங்கி, குளிரிலும் ஈரத்திலும் குனிந்தபடியே உதிர்ந்த காய்களைப் பொறுக்குவார்கள். பொறுக்கிய காய் பண்ணையின் ஆலைக்கு வரும். அங்கே ஒரு கோவேறு கழுதை சுற்றிச் சுற்றி வந்து கூம்பு வடிவமான கல்லை உருட்டிக் காயை நசுக்கும். நசுங்கிய விழுதைக் கோரையால் பின்னிய வட்டத் தட்டுகளில் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கொதிநீரை ஊற்றி, ஒரு முழு மரத்தையே நெம்புகோலாக்கி அதன் பாரத்தினால் பிழிவார்கள். அந்த ஆலைகள் இப்போது பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. ஆயினும் பறிப்புக்காலம் ஓய்ந்துவிடவில்லை. மரத்தடிகளில் வலையை விரித்துவிட்டு நீண்ட கழிகளால் கிளைகளைத் தட்டும் குடும்பங்களை நவம்பர் மாதத்தில் சாலையோரம் எங்கும் பார்க்கலாம்.

மரங்களைப் பற்றிச் சொன்ன நான், அவற்றைத் தாங்கும் சுவர்களைப் பற்றி இன்னும் அதிகமாகச் சொல்ல வேண்டியவன். சுண்ணாம்போ மண்ணோ குழைக்காமல், கல்லின்மேல் கல்லைப் பொருத்தியே எழுப்பிய சுவர்கள் அவை. அவற்றைக் கட்டுகிற கல்தொழிலாளரை மயோர்க்காவில் மர்ஜேர் என்று அழைக்கிறார்கள். முகப்பில் நிற்கும் கற்களை அவர்கள் சுத்தியால் தட்டித் தட்டி ஒன்றோடொன்று இசையும்படி செய்கிறார்கள். சுவர் முழுவதும் மலைப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும்படி அமைக்கிறார்கள். முகப்புக்கும் மண்ணுக்கும் இடையே சிறு கற்களை நிறைத்துவிடுகிறார்கள். சுவரின் ஜீவன் அந்தச் சிறு கற்களில் இருக்கிறது என்று சொல்லலாம். மழைநீர் மண்ணில் தேங்கிச் சுவரைத் தள்ளாமல், அவற்றின் இடுக்குகளில் கசிந்து வெளியேறுவதனால்தான் நூற்றாண்டுக் கணக்காக அச்சுவர்கள் நிற்கின்றன. 903ஆம் ஆண்டளவில் தீவைக் கைக்கொண்ட முஸ்லிம்கள் சுரங்க நீர்வழிகளையும் வாய்க்கால்களையும் அமைத்துச் சரிவுகளில் தண்ணீரை நடத்தும் வித்தையைக் கொண்டுவந்தார்கள். 1229ஆம் ஆண்டின் கடைசி நாளில் அரகோன் மன்னன் முதலாம் ஜைமே தலைநகரைப் பிடித்தபின் வந்து குடியேறிய கிறிஸ்தவர்கள் அதைக் கைவிடாமல் விஸ்தரித்தார்கள். பன்யல்புஃபார் என்னும் கடலோரக் கிராமத்தில் இன்றைக்கும் அந்தப் படிவயல்கள் ஒரு தொட்டியிலிருந்து மற்றொரு தொட்டிக்குத் தண்ணீரை இறக்கிக்கொண்டிருக்கின்றன. பெயர் தெரியாத மனிதர்கள் மலை முழுவதையும் கையால் திருத்தி அமைத்த இந்த அரும்பணிக்காகவே 2011ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் திரமுந்தானாவை உலகப் பாரம்பரிய ஸ்தலமாக ஏற்றது. மலைக்குக் கிடைத்த கௌரவங்களுள் இதைவிடப் பொருத்தமான ஒன்றை என்னால் நினைக்க முடியவில்லை.

எண்ணெய்க்கு அடுத்தபடியாக இறங்கியது பனி. மத்தியதரைக் கடல் தீவொன்றில் பனி வியாபாரம் நடந்தது என்றால் கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் 17ஆம் நூற்றாண்டு முதல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் அது அங்கே ஒழுங்கான தொழிலாக நடந்துவந்தது. உயர்ந்த சிகரங்களை அடுத்த நிழலான இடங்களில் பூமியைத் தோண்டி, உட்புறம் கல் பாவி, மேலே கூரையிட்ட பனிக்கிடங்குகளை அமைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் பனி விழுந்ததும் கீழ்க் கிராமங்களிலிருந்து ஆட்கள் ஏறிச் சென்று, மண்வெட்டியால் அதைத் திரட்டிக் கூடைகளில் சுமந்து கிடங்கில் கொட்டுவார்கள். உள்ளே இறங்கிய சிலர் அதை மிதித்து மிதித்து இறுக்குவார்கள். மலையில் விளையும் நெடும்புல்லை இடையிடையே பரப்பி, அடுக்கடுக்காக நிரப்பி, கடைசியில் புல்லாலும் தழையாலும் மூடிவிடுவார்கள். கொட்டும் பனியில், போதிய காலணியும் போர்வையும் இல்லாத ஏழைகள் செய்த வேலை அது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. கோடை வந்ததும் இறுகிக் கிடந்த பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, வெயில் படாமல் மூடி, இரவோடு இரவாகக் கோவேறு கழுதைகளின்மேல் பால்மா நகரத்துக்கு இறக்குவார்கள். ஜுரத்துக்கும் வீக்கத்துக்கும் இரத்தப்போக்குக்கும் அதை மருந்தாக வைத்தியர்கள் விதித்தபடியால், நகர நிர்வாகமே அதன் விலையையும் விநியோகத்தையும் கட்டுப்படுத்திவந்தது. பாதாம் பருப்பின் பாலைக் குளிரவைத்து உண்ணும் வழக்கமும் இந்தப் பனியினால்தான் உண்டாயிற்று. 1700இல் தொடங்கியது என்று சொல்லப்படுவதும் இன்றும் பால்மாவில் நடந்துவருவதுமான கன் ஜோவான் தே சாய்கோ என்ற பழைய கடையில் பாதாம் ஐஸ்கிரீமைச் சுவைக்கிறவர்கள், அதன் மூலத்தை இந்தக் கிடங்குகளில் தேட வேண்டும். செயற்கைப் பனிக்கட்டி வந்ததும் தொழில் நசித்தது. 1920களோடு அது அடியோடு முடிந்தது. சிகரங்களுக்கு அருகே கூரையிழந்த கிடங்குகளும், அவற்றிலிருந்து புறப்பட்டு வளைந்து வளைந்து இறங்கும் கற்பாதைகளும் எஞ்சியிருக்கின்றன. சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு அப்படிப்பட்ட பாதையொன்றில் சிறிது தூரம் ஏறிப் பார்த்தேன். இரவில், பாரம் சுமந்த மிருகம் தடுமாறாதபடி, சரிவுக்குத் தக்கவாறு படியின் அகலத்தையும் உயரத்தையும் மாற்றி மாற்றி வைத்திருந்த நுட்பம், படித்த என்ஜினீயர்களும் வியக்கத்தக்கது.

கருவாலிக் காடுகளில் குடும்பத்தோடு குடிசை போட்டுத் தங்கிக் கரி மூட்டம் போட்டவர்களின் கதையும் உண்டு. அடுப்புக்கு வாயு வந்த பிறகு அவர்களும் போய்விட்டார்கள். வட்ட வட்டமான அவர்களுடைய மூட்ட மேடைகளில் இப்போது பாசி படர்ந்திருக்கிறது.

மலைச்சாலையில் செல்லும் எவரும் ஒரு விசித்திரத்தைக் கவனிக்காமல் இருக்க முடியாது. சோயெர், அந்திராச், போயென்சா ஆகிய ஊர்கள் ஒவ்வொன்றும் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கின்றன; ஒவ்வொன்றுக்கும் கரையில் தனியாக ஒரு துறைமுகம் இருக்கிறது. இதற்குக் காரணம் பயம். 16ஆம் நூற்றாண்டில் வட ஆபிரிக்கக் கரையிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்த கடற்கொள்ளைக் கப்பல்கள் இத்தீவை ஓயாமல் தாக்கி, ஆட்களைப் பிடித்துச் சென்று அடிமைகளாக விற்றன. 1550இல் போயென்சா தாக்கப்பட்டது; 1561ஆம் வருஷம் மே மாதம் 11ஆம் தேதி சோயெரில் பெரும்படை ஒன்று இறங்கிற்று. ஊரார் திரண்டு அதை முறியடித்த அந்த நாளைச் சோயெர் இன்றும் ஆண்டுதோறும் உற்சவமாகக் கொண்டாடுகிறது. பகையை முன்கூட்டியே அறிவதற்காகக் கரை நெடுகிலும் காவற்கோபுரங்கள் எழுந்தன. பகலில் புகையும் இரவில் தீயும் கோபுரத்துக்குக் கோபுரம் செய்தி சொல்ல, சற்று நேரத்தில் அது பால்மாவை எட்டிவிடும். இந்த ஏற்பாட்டை வகுத்ததில் முக்கிய பங்கு கொண்டவர் ஜோவான் பினிமெலிஸ் என்ற பாதிரியார். பன்யல்புஃபாருக்கு அருகே சாலையை ஒட்டிப் பாறை முனையில் நிற்கும் கோபுரத்தில் ஏறினால் காவற்காரன் பார்த்த கடலை நாமும் பார்க்கலாம். அவனுக்கோ அது பீதி வருகிற திசை.

சோயெரின் கதையை இன்னும் சற்று விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். நாற்புறமும் மலை சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில், ஆரஞ்சுத் தோட்டங்களின் நடுவே இருக்கும் அந்த ஊராருக்கு, தீவின் தலைநகரமாகிய பால்மாவுக்குப் போவதைவிட, கடல் தாண்டிப் பிரெஞ்சு தேசத்துக்குப் போவது சுலபமாக இருந்தது. பால்மாவுக்குப் போகும் வழியில் 496 மீட்டர் உயரமுள்ள கணவாய் இருந்தது. மார்செய் என்னும் பிரெஞ்சுத் துறைமுகத்துக்கோ கப்பல் இருந்தது. ஆகையால் சோயெர் ஆரஞ்சு பிரான்சுக்குப் போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரங்களுக்கு நோய் கண்டபோது ஆரஞ்சின் பின்னாலேயே சோயெர் மனிதர்களும் போனார்கள். பிரெஞ்சு நகரங்களில் பழக்கடை வைத்துப் பொருள் ஈட்டி, ஊர் திரும்பிப் பெரிய வீடுகள் கட்டினார்கள். அப்படிச் சேர்ந்த செல்வமும், உள்ளூர்ப் பங்குதாரர்களின் ஊக்கமும் துணைநிற்க, 1912ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், மலையைக் குடைந்த பதின்மூன்று சுரங்கங்களின் வழியே 27 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில்பாதை பால்மாவையும் சோயெரையும் இணைத்தது. 1929இல் அதற்கு மின்சாரம் வந்தது. அந்த மரப்பெட்டி ரயில் இன்றும் ஓடுகிறது. ஆயினும் சைக்கிள் பிரயாணிக்கு முக்கியமான வருஷம் 1997. அந்த வருஷத்தில் மோட்டார் வண்டிகளுக்காக மலைக்கு அடியில் சுரங்கச் சாலை திறக்கப்படவே, 19ஆம் நூற்றாண்டில் குதிரை வண்டிகளுக்காக அமைத்த பழைய கணவாய்ச் சாலை, தன் கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது. நவம்பர் மாதத்துக் காலை வேளையில் அதில் ஏறும்போது, மோட்டார் சத்தம் கேளாமல், சங்கிலியின் ஓசையும் ஆட்டுமணிகளின் ஓசையுமே துணையாக வருகின்றன. குதிரைக்கு மூச்சு வாங்காத சரிவு என்று கணக்கிட்டுப் போட்ட சாலை, சைக்கிள் மிதிப்பவனுக்கும் அவ்வாறே இதமாக இருக்கிறது.

வெளிநாட்டார் இந்த மலைக்கு வந்த கதை பலருக்கும் தெரிந்தது. 1838ஆம் ஆண்டு நவம்பரில் சங்கீத மேதை ஷோப்பேனும் நாவலாசிரியை ஜார்ஜ் சாண்டும் வந்திறங்கி, துறவிகள் வெளியேற்றப்பட்டுக் காலியாகக் கிடந்த வல்தெமோசா மடத்தில் ஈரத்திலும் நோயிலும் குளிர்காலத்தைக் கழித்தார்கள். வண்டி போக மிகக் கடினமான அந்நாளைய மலைப்பாதையைப் பற்றி அந்த அம்மையார் எழுதிய புகார்கள் பிரசித்தமானவை. எனக்கு அவர்களைவிட மேலாகத் தோன்றுபவர் ஆஸ்திரிய ராஜகுடும்பத்தைச் சேர்ந்த லுட்விக் சால்வதோர். 1867இல் இளைஞராக முதன்முதலில் வந்த அவர், இத்தீவில் மனம் ஒன்றிப்போய், பலேயாரிக் தீவுகளைப் பற்றிப் பல பாகங்களாக மகத்தான நூலொன்றை எழுதினார். 1872இல் மிராமார் என்னும் பண்ணையை வாங்கினார். அது சாமானிய இடமன்று. ரமோன் யுல் என்ற ஞானி 1276இல் துறவிகளுக்கு அரபு மொழி கற்பிக்கும் பாடசாலையை நிறுவியது அங்கேதான். சால்வதோர் தம் நிலத்தில் மரம் வெட்டுவதைத் தடுத்தார். மலை முகட்டின்மேல், கடலை நோக்கி, பண்டம் எதுவும் போகவேண்டிய அவசியமில்லாத இடங்களுக்கு, அதே மர்ஜேர்களின் கையால், காட்சிக்காகவே கற்பாதைகள் போடச் செய்தார். வழிப்போக்கர் எவரும் மூன்று நாள் கூலியின்றித் தங்கும்படி ஒரு சத்திரமும் நடத்தினார். படுக்கையும் நெருப்பும் உப்பும் எண்ணெயும் ஒலிவக்காயும் அங்கே கிடைத்தன. இராஜகுலத்தில் பிறந்தும் வழிநடப்பவனின் பசியை அறிந்திருந்த அவரைத் தனிப்பிரயாணிகள் நன்றியோடு நினைக்க வேண்டும்.

காட்சிக்காகப் பாதை என்ற அந்த எண்ணத்தின் உச்சம் சா கலோப்ரா. ஒரு மலையாறு பாறைச் செங்குத்துகளுக்கிடையே கடலைச் சேரும் சிறு கடற்கரை அது. கடல் வழியாகவோ கடினமான ஒற்றையடிப் பாதையாகவோ அன்றி அங்கே போக முடியாதிருந்தது. 1905இலேயே மயோர்க்காவில் சுற்றுலாவை வளர்ப்பதற்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டிருந்தது. அந்தச் சூழ்நிலையில்தான், 1930களின் தொடக்கத்தில், அந்தோனியோ பரியெத்தி என்ற என்ஜினீயர் அந்தக் கடற்கரைக்குச் சாலை ஒன்றை வகுத்தார். 680 மீட்டருக்கு மேலுள்ள கணவாயிலிருந்து கடல் மட்டம் வரையில், ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் அது இறங்குகிறது. சரிவு மிதமாக இருக்க வேண்டும், மலையைக் குடையவும் கூடாது என்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவர் அமைத்த வளைவுகளுள் ஒன்றில், சாலை முழுவட்டத்தை நெருங்கும் அளவுக்குத் திரும்பித் தனக்கு அடியிலேயே ஒரு பாலத்தின் வழியாக நுழைந்து செல்கிறது. கழுத்துப்பட்டை முடிச்சு என்று ஊரார் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். மேட்டில் வெட்டிய பாறையையே பள்ளத்தில் நிரப்பி, இயந்திரங்களின் உதவியின்றி, மனிதர்களின் கையாலேயே அது கட்டப்பட்டது. வகுத்தவரின் பெயரை எல்லோரும் சொல்லுகிறார்கள். வெட்டியவர்களின் பெயரைச் சொல்லுவார் இல்லை. திரும்பி வருவதற்கு வேறு சாலை இல்லாதபடியால், இறங்கிய சைக்கிள்காரன் அத்தனை உயரத்தையும் மீண்டும் ஏறியே தீரவேண்டும். நான் ஏறியபோது வழியில் எதிர்ப்பட்டவை மலையாடுகளே. ஒவ்வொரு வளைவின் தாங்குசுவரையும் நின்று பார்க்க அவகாசம் இருந்தது. படிவயல்களைத் தாங்கிய அதே கைப்பழக்கம், அதே கல்லடுக்கு, அங்கே சாலையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

சைக்கிள் இந்தத் தீவுக்கு வெளியிலிருந்து வந்த உல்லாசப் பிரயாணிகளால் அறிமுகமானது என்று நினைப்பது தவறு. பால்மாவின் பழைய சைக்கிள் பந்தய மைதானம் 1903இல் ஏற்பட்டது. ஃபெலானிச் என்னும் ஊரில் 1926இல் பிறந்த கியெம் திமோனெர், மோட்டார் சைக்கிளைப் பின்தொடர்ந்து ஓட்டும் பந்தயத்தில் 1955 முதல் 1965 வரை ஆறு முறை உலகச் சாம்பியன் பட்டத்தை வென்றார். ஸ்பெயினுக்கே சைக்கிளில் உலகப் பட்டத்தை முதலில் கொண்டுவந்தவர் அவர்தாம். பின்னாளில் வடநாட்டுப் பிரயாணிகளைப் பயிற்சிக்காகத் தீவுக்கு அழைத்து வந்தவர்களுள் முதல்வரான சுவிட்சர்லாந்துக்காரர் மக்ஸ் ஹுர்ட்ஸெலரும் அதே பந்தயத்தில் உலகப் பட்டம் பெற்றவர் என்பது ரசமான பொருத்தம்.

நவம்பர் மாதம் அங்கே மழைக்குரியது. சான் மார்தி திருநாளாகிய 11ஆம் தேதியை ஒட்டிச் சில நாட்கள் கோடை திரும்பியதுபோல் வெயில் காயும். அது போனதும் மேகம் முகட்டில் இறங்கிவிடும். கோடையெல்லாம் வறண்டு கிடந்த ஓடைகள் ஒரே இரவில் பாய்கின்றன. மலையடிவாரத்தில் கம்பனெத் என்ற ஊருக்கருகே, பெருமழைக்குப்பின், கருவாலித் தோப்பின் தரையிலிருந்து, கிணறோ குகையோ இல்லாமலே, ஆங்காங்கே வெள்ளம் பொங்கிக் கிளம்பி ஆறாக ஓடும் அதிசயமும் இந்தப் பருவத்தில்தான் நிகழ்கிறது. மழையினால் சுவர்களும் சரிகின்றன. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜனங்கள் நிலத்தை விட்டு ஹோட்டல் வேலைக்குப் போனபின், விழுந்த சுவரை எடுத்துக் கட்டுவார் இன்றி மர்ஜேர் தொழில் கிழவர்களோடு மடிந்துபோகும் நிலையில் இருந்தது. 1980களில் தீவின் ஆட்சிமன்றம் அத்தொழிலைக் கற்பிக்கப் பள்ளி ஏற்படுத்தி, எஞ்சியிருந்த முதியவர்களைக் கொண்டு இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. 2018இல் ஸ்பெயின் உட்பட எட்டு நாடுகளின் இந்தக் கல்லடுக்கு வித்தையை யுனெஸ்கோ மானிடப் பண்பாட்டுச் செல்வமாக அங்கீகரித்தது. சோயெரை நெருங்கும் வளைவொன்றில் சரிந்த சுவரைச் சிலர் மீண்டும் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஓர் இளம்பெண்ணும் இருந்தாள். முகப்புக்கல்லை வைத்தபின் அவள் கூடையிலிருந்த சிறு கற்களை அவசரமாகக் கொட்டிவிடாமல் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து இடுக்கில் பொருத்தியதை நான் வெகுநேரம் நின்று கவனித்தேன். மழை வருவதற்குள் ஒரு வரிசையாவது முடிக்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்லிக்கொண்டிருந்தார்.